ஆறாம் படுக்கை

நிர்வாகம் செவிலியர் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்திருந்தது. வேலையில் உங்கள் ஈடுபாடு எவ்வளவு? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்கவும். தீவிர சிகிச்சைப் பிரிவின் அமலோற்பவம் எதையும் குறிக்கவில்லை. படிவத்தின் பின்பக்கத்தில் நான்கு வரியில் ராஜினாமா எழுதி, செவிலியர் கண்காணிப்பாளர் தில்லைநாயகியின் மேசைமேல் வைத்தாள்.

தில்லைநாயகி அவளைவிட வயதில் ஐந்தாறு வருடம் இளையவள். ஆனாலும் ஒன்று புரியவில்லை என்றால் அமலோற்பவம் போய் நிற்பது அவளிடம்தான்.

"ஏன்க்கா?"

"என் கையில யாரும் பொழைக்கிறதில்ல மேடம்."

இந்த வருடம் மட்டும் ஒன்பது பேர் என்றாள். ஒவ்வொருவர் பெயரையும் படுக்கை எண்ணையும் சொன்னாள். எங்கும் தடுமாறவில்லை.

"பொழைச்சவங்க?"

கண் திறந்தால் வார்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். படுக்கை விரிப்பை மாற்றி முடிக்குமுன் அடுத்தவர் வந்துவிடுகிறார். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தில்லைநாயகி எழுந்தாள். மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் காத்திருக்கும் கூடத்துக்கு அவளைக் கூட்டிப்போனாள்.

"இதுல ஒருத்தர் உங்க ஆளு. யாருன்னு பாருங்க."

அமலோற்பவம் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே போனாள். சட்டை போட்டு, தலை சீவிய முகங்கள். ஒருவரையும் தெரியவில்லை. டோக்கன் கொடுக்கும் இடத்தில் ஒருவர் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்திரெண்டுக்கு அப்புறம் நாப்பத்தஞ்சா? உங்க பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்களா?"

வரிசையில் சிரிப்பு. மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் இன்னும் உரக்கக் கேட்டார். கழுத்து நிமிர்ந்தபோது தொண்டைக்குழியில் கட்டைவிரல் அளவு தழும்பு தெரிந்தது.

அமலோற்பவம் நின்றுவிட்டாள்.

லாரியில் அடிபட்டு வந்த ஆறாம் படுக்கை. இருபத்திரண்டு நாள் அந்த இடத்தில் மூச்சுவிடக் குழாய் இருந்தது. தன் முறை வரும்போதெல்லாம் அதில் அடைத்த சளியை உறிஞ்சி எடுத்தவள் அவள். ஒருக்களித்துப் படுக்கவைக்கும்போது, இதோ திருப்புறேன் அண்ணே, கொஞ்சம் பொறுத்துக்குங்க என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு தடவைகூட பதில் வந்ததில்லை.

"நன்றி மாதாவே" என்றாள், உதட்டுக்குள்.

அவர் ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பினார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மறுபடி சண்டைக்குத் திரும்பினார். காவலாளி வந்து சேர்ந்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் போய் சமாதானம் பண்ணட்டுமா மேடம்?"

"வேண்டாங்க்கா. இன்னும் கொஞ்சம் கத்தட்டும்."