ஓலையின் பின்பக்கம்

ஆலங்கோட்டையை ஆண்ட மருதவேள் மன்னருக்குச் சிலம்பம் என்றால் உயிர். சொந்தச் செலவில் ஒரு சிலம்பக் கூடம் கட்டி, இருளப்பன் என்ற ஆசானை அதற்குத் தலைவராக்கினார். தேறியவர்களுக்கு முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று சான்று கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். அந்தச் சான்றில்தான் வம்பு வந்தது.

முதலில் செய்தது சிவப்புப் பட்டு. ஓரத்தில் பொன் சரிகை, நடுவில் புலி. மன்னரின் மைத்துனர் வீரகண்டன் வரைந்து கொடுத்த வடிவம் அது. ஒரே மாதத்தில் நெசவாளர் தெருவில் அதேபோல முப்பது புலி பிறந்தது. பட்டை விட்டுவிட்டுச் செப்புத் தகட்டுக்கு மாறினார்கள். கன்னார்கள் சும்மா இருப்பார்களா? புலிக்கு இன்னும் நல்ல மீசையாக வைத்து அடித்துக் கொடுத்தார்கள்.

ஊரே சிரித்தது. ஆனால் ஒருநாள் சிரிப்பு நின்றுபோனது. உப்பு வண்டிகளுக்குக் காவலாக முதல் தரச் சான்று காட்டிய பன்னிரண்டு பேரை அனுப்பியிருந்தார்கள். வழியில் வந்தது மூன்றே மூன்று திருடர்கள். பன்னிரண்டு பேரும் புளியமரத்தில் ஏறிக்கொண்டார்கள். வண்டிக்காரன் மொக்கையன் ஒருவன்தான் எதிர்த்து நின்றான். வலது கை முறிந்தது.

மன்னருக்கு வந்த கோபத்தில் அவை நடுங்கியது.

"கூடத்தைப் பூட்டுங்கள்" என்றார்.

இருளப்பன் ஆசான் தலை குனிந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்த அம்பலத்தாடிக்கு மனசு கேட்கவில்லை. அம்பலத்தாடி அவையின் விகடப் புலவன். ஆள் ஒல்லி. குடையைத் தவிர வேறு கம்பு பிடித்துப் பழக்கமில்லை.

"மன்னா, ஆட்டம் என்ன தப்பு செய்தது? தப்பு சான்றில்தானே இருக்கிறது?" என்றான்.

வீரகண்டனுக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் யாராலும் போலி செய்ய முடியாத சான்று ஒன்றை இவரே செய்து காட்டட்டுமே."

"நல்ல யோசனை" என்றார் மன்னர். "ஐந்து நாள் தருகிறேன், அம்பலத்தாடி. முடியாவிட்டால் ஆசானோடு நீயும் மூட்டை கட்டு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று நொந்தபடி அம்பலத்தாடி நாலு நாள் அலைந்தான். அரக்கு, கண்ணாடி, யானைத் தந்தம் எதைக் காட்டினாலும் தொழிலாளிகள், "அதுக்கென்ன சாமி, எத்தனை வேணும்?" என்றே கேட்டார்கள்.

நாலாம் நாள் சாயங்காலம் கூடத்தில் வந்து உட்கார்ந்தான். "ஆசானே, ஒருத்தன் உண்மையிலேயே முதல் தரமா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தகட்டை உரசிப் பார்ப்பீர்களா?"

"தகட்டை நான் எதுக்குப் பார்க்கிறேன்? கம்பை எடுடான்னு சொல்வேன். ரெண்டு வீச்சில் தெரிஞ்சிடும்."

அம்பலத்தாடி துள்ளி எழுந்து வேகமாக வீட்டுக்கு நடந்தான்.

மறுநாள் அவைக்கு ஒரு கூடை நிறையப் பனையோலையோடு வந்தான். வெறும் ஓலை. புலியும் இல்லை, முத்திரையும் இல்லை.

"இதை என் வீட்டுச் சமையல்காரன் பத்து நிமிஷத்தில் எழுதுவானே" என்று வீரகண்டன் சிரித்தார்.

"தாராளமாக எழுதட்டும் ஐயா. முதல் தரம் என்று சொல்லி யார் கேட்டாலும் கொடுத்துவிடலாம். விசாரணையே வேண்டாம்" என்றான் அம்பலத்தாடி.

மன்னர் புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் தலையாட்டினார்.

ஆசான் உண்மையில் முதல் தரம் கொடுத்தது ஒன்பது பேருக்குத்தான். அன்று வரிசையில் நின்றவர்கள் நாற்பத்து மூன்று பேர். முன்னால் நின்றவன் ஓலையை வாங்கினான், படித்தான், திருப்பினான். பின்பக்கத்தையும் படித்தான். கூடையில் திரும்ப வைத்துவிட்டு, வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டான். அடுத்தவனுக்கும் அதே வேலை வந்தது. கடைசியில் ஓலையை மடியில் செருகிக்கொண்டு நின்றவர்கள் ஒன்பதே பேர்.

இல்லை, பத்து. வீரகண்டனும் ஒன்றை எடுத்து நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். பட்டுச் சான்றை வரைந்தபோதே தனக்கும் ஒரு முதல் தரம் போட்டுக்கொண்டவர் அவர். சமையல்காரன் எழுதக்கூடிய ஓலையைத் திருப்பிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

கூட்டத்திலிருந்து மொக்கையன் முன்னால் வந்தான். வலது கை தூளியில் தொங்கியது. இடது கையில் ஒரு கம்பு.

"ஐயா, ஒரு சுற்று வாங்க. எனக்கு ஒரு கைதான் இருக்கு. பரவாயில்லை."

"யாரிடம் பேசுகிறாய்?" என்றார் வீரகண்டன்.

"ஓலையில் போட்டிருக்கே ஐயா."

வீரகண்டன் ஓலையைத் திருப்பினார். பின்பக்கம் இப்படி எழுதியிருந்தது: 'இந்த ஓலையைப் பார்க்கிற எவரும் இதை வைத்திருப்பவரை அந்த இடத்திலேயே ஒரு சுற்று ஆட அழைக்கலாம். மறுத்தால் ஓலை செல்லாது.'

அவர் ஓரடி பின்வாங்கினார். "எனக்கு மூன்றாம் தரமே போதும்" என்றார்.

"அதிலும் அதே வரிதான் ஐயா" என்றான் அம்பலத்தாடி பணிவாக.

வீரகண்டன் ஓலையைக் கழற்றிக் கூடையில் போட்டார். மன்னர் அடக்க முடியாமல் சிரித்தார்.

"போலி செய்ய யார் வேண்டுமானாலும் செய்யலாம். வைத்திருக்கத்தான் முடியாது! அருமை. எங்கே, எனக்கும் ஒரு முதல் தரம் கொடு" என்று கூடைக்குள் கையை விட்டார்.

மூலையில் இருந்த இருளப்பன் ஆசான் அமைதியாக வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஆசானே, எங்கே கிளம்பிவிட்டீர்?"

"எங்கேயும் இல்லை மன்னா. ஓலையைப் பார்க்கிறவர்களில் நானும் ஒருத்தன் இல்லையா?"

மன்னர் கையை வெறுமையாக வெளியே எடுத்தார். "கூடம் நாளைக்கும் திறந்திருக்கட்டும். நான் முதலிலிருந்து கற்றுக்கொள்கிறேன்" என்று மறுபடி சிரித்தார். மொக்கையனை அரண்மனைக் காவலுக்கு எடுத்துக்கொண்டார். பிறகு தம் தோளிலிருந்த சால்வையை எடுத்து அம்பலத்தாடியிடம் நீட்டினார்.

அம்பலத்தாடி அதை வாங்கினான். ஆனால் போர்த்திக்கொள்ளவில்லை. இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தான்.

"என்ன தேடுகிறாய்?" என்றார் மன்னர்.

"ஒன்றுமில்லை மன்னா. பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறேன்."