முழங்கை பின்னால் மடங்காமல் போனது

அந்தக் காலத்தில் மிருகமும் மனிதனும் ஒரே பேச்சுப் பேசினார்கள். மனிதனின் முழங்கை முன்பக்கமும் மடங்கும், பின்பக்கமும் மடங்கும். முகம் ஒருவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கை முதுகுக்குப் பின்னால் போய் அடுத்தவர் கூடையைத் துழாவும். அதனால் யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. விருந்துக்கு வந்தவர்கூட முதுகைப் பாறையோடு ஒட்டிவைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்.

அந்த மலையில் கெம்பன் என்பவன் தேன் எடுத்துப் பிழைத்தான். செங்குத்துப் பாறையில் கயிற்றைப் பிடித்து இறங்குவான். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் அவன் மனைவி நஞ்சியின் அண்ணன் மாதன். தங்கையின் புருஷனை எந்த அண்ணனும் கைவிட மாட்டான் என்பதால் அந்த வேலை மச்சானுக்கே உரியது.

அந்த ஆண்டு தேன் மாயமாகக் குறைந்தது. பாறை உச்சியில் மாதன் பக்கத்தில் நிறைத்து வைத்த சுரைக்குடுவை, கெம்பன் மறுமுறை இறங்கி ஏறுவதற்குள் பாதியாகிவிடும்.

"உங்க அண்ணன்தான் திங்கிறான்" என்றான் நஞ்சியிடம்.

"ரெண்டு கையும் கயித்துல இருக்கு. அண்ணன் எப்படித் தின்னும்?"

"என்னைப் பிடிக்க ஒரு கை போதும்னு நினைச்சிருப்பான். இன்னொரு கை பின்னால போகும்."

"அப்படிச் சந்தேகப்படுறவன் அண்ணன் பிடிக்கிற கயித்துல ஏன் இறங்குறே?"

கெம்பன் கயிற்றை எடுத்து முறுக்கைச் சரிபார்க்கத் தொடங்கினான்.

மறுநாள் பாதிப் பாறை இறங்கியபோது மேலே சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.

"மச்சான், அங்க என்ன சத்தம்?"

மாதனின் குரல் அமுங்கி மெதுவாக வந்தது. "ஒண்ணுமில்ல. நீ தேனடையை அறு."

வாய் நிறையத் தேனை வைத்துக்கொண்டு பேசுகிறான் என்று கெம்பன் முடிவு கட்டினான். ஒரு கையால் பிடித்திருந்தால் இப்போது தெரிந்துவிடும். காலால் பாறையை உதைத்து, தன் எடை முழுவதையும் கயிற்றில் போட்டான்.

மாதன் இரண்டு கைகளாலும்தான் பிடித்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு கரடி உட்கார்ந்து குடுவையை நக்கிக்கொண்டிருந்தது. தொங்கும்போது சொன்னால் கெம்பன் பதறி விழுந்துவிடுவான், ஏறியபின் சொன்னால் மறுநாள் இறங்கவே பயப்படுவான் என்றுதான் இத்தனை நாளும் மறைத்தான், இன்றும் குரலை அடக்கிப் பேசினான். கயிறு வெட்டி இழுத்ததும் அவன் முழங்கைகள் பின்னால் மடியத் தொடங்கின.

"ஐயோ, நஞ்சி!" என்று அலறிக்கொண்டே கைகளை விறைத்தான். முன்கை எலும்பின் முனை மேற்கை எலும்பின் பள்ளத்தில் கொக்கி போல மாட்டிக்கொண்டது. மேற்கையின் முன்பக்கத் தசை காட்டெலி போலத் திரண்டது. பின்பக்கத் தசை எலும்பின் முனையைக் கவ்வி இழுத்தது. கயிறு நின்றது.

கரடி எழுந்தது. "தினமும் வர்றேன். ஒருநாள்கூடக் கயித்தை விட்டு என்னை விரட்டினதில்ல. இன்னைக்கு ஏன் இப்படிக் கத்துறான்?" என்று முணுமுணுத்துக்கொண்டே புதருக்குள் போனது.

ஏறி வந்துகொண்டிருந்த கெம்பனின் காதில் அத்தனையும் விழுந்தது. ஓடிப்போய் மாதனின் கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தான். முன்னால் மடங்கியது. பின்னால் மடங்கவே இல்லை. முழங்கையின் உள்ளோரத்தில் விரல் பட்டதும் மாதன் துள்ளினான். இழுத்த இழுப்பில் ஒரு நரம்பு நழுவி, எலும்புக்கும் தோலுக்கும் நடுவே போய்ப் படுத்துவிட்டது.

"தொடாதே" என்றான் மாதன். "என்னைச் சோதிச்சுப் பார்த்தியா?"

கெம்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு பிறந்த மாதனின் பிள்ளைகளுக்கும் அதே கை. பின்னால் போகாத கை திருடாது என்று ஊர் கணக்குப் போட்டது. எல்லோரும் அந்த வீட்டில்தான் பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். தன் மகனுக்கு மாதன் மகளை முதலில் கேட்டவன் கெம்பன்.

"வெட்கப்பட்டுக் கேட்டியா, சந்தேகப்பட்டுக் கேட்டியா?" என்றாள் நஞ்சி.

அன்று தொடங்கித்தான் மனிதனின் முழங்கை முன்பக்கம் மட்டும் மடங்குகிறது. அது எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுர்ரென்று ஏறுவதும், யார் இடித்தது என்று நாம் சட்டென்று திரும்பிப் பார்ப்பதும் அன்று முதல்தான்.