துண்டு விழுந்த மூன்று லட்சம்

வேப்பம்பட்டிக் கூத்து விழாச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள் தெய்வானை. சங்கத் தலைவர், அரிசி ஆலை முதலாளி குணசீலன். அந்த வருஷக் கூட்டத்தில் அவர் கணக்கு நோட்டை மேசைமேல் ஓங்கி அடித்தார்.

"மூணு லட்சம் துண்டு விழுது! ஏம்மா, பத்து நிமிஷத்துல இதுக்கு வழி சொல்லு. இல்லேன்னா உன் வேலையும் போச்சு, விழாவும் இன்னையோட முடிஞ்சுது."

கூத்துக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெய்வானை எழுந்து நின்றாள்.

"வழி இருக்குங்க ஐயா. இவ்வளவும் ஒரே ஆளால வந்தது. ஆனா பெரிய இடம். பேரைச் சொன்னா கேக்க யாருக்குத் துணிச்சல் வரும்?"

"எவனா இருந்தா எனக்கென்ன? மொத்தத்தையும் இன்னைக்கே கட்டணும். தீர்மானமா எழுது, கையெழுத்துப் போடறேன்!"

எழுதி நீட்டினாள். அவர் பெரிதாகச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள்.

தெய்வானை நன்கொடை நோட்டைப் பிரித்தாள். "மூணு வருஷமா மேடையில பொன்னாடை போத்திக்கிட்டு, வருஷம் ஒரு லட்சம் தர்றேன்னு மைக்குல சொன்னீங்க ஐயா. அதை நம்பித்தான் செலவு பண்ணோம். ஒரு ரூபாகூட வந்து சேரல."

குணசீலன் தீர்மானத்தைப் பார்த்தார். அதன் அடியில் இருந்த தம் கையெழுத்தைப் பார்த்தார். பின்வரிசையில் மத்தளக்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் தலைவரின் கை செக் புத்தகத்தைத் தேடியது.

ரசீது எழுதுமுன், செக்கில் தேதி போட்டிருக்கிறதா என்று தெய்வானை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.