கதவைப் பிளந்து போட்ட வேலி

மலைகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத காலம் அது. ஒரு பூசணிக்காயை அறுத்தால் ஊரே உண்ணும். சிறுத்தையின் மீசையில் ஒரு முடியைப் பிடுங்கினால் மாட்டுக்குச் சாட்டை ஆகும். சிரிக்காதீர்கள். நான் சொல்வதில் பாதி பொய்தான். எந்தப் பாதி என்று மட்டும் கேட்கக்கூடாது.

அப்படி ஒரு மலையடி ஊரில் சூரப்பன் என்றொரு குடியானவன் இருந்தான். அவனுக்கு வெள்ளாத்தாள் என்று ஒரு மனைவி, தூளியில் ஒரு பிள்ளை, கருவாயன் என்று ஒரு நாய். வீட்டைச் சுற்றி அகலமான முற்றம். முற்றத்து மூலையில் கூரையைத் தொடும் ஒரு வைக்கோல்போர்.

அந்த ஊருக்கு ஒரு சிறுத்தை வரத் தொடங்கியது. முதலில் ஆட்டைத் தூக்கியது. பிறகு கன்றைத் தூக்கியது. பிறகு குயவன் வீட்டுப் பிள்ளையைத் தூக்கியது.

அன்றைக்கு ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எல்லாரும் மரத்தடியில் கூடினார்கள். சூரப்பனின் பக்கத்து வீட்டுக்காரன், தச்சன் பெரியணன், எழுந்து நின்றான்.

"வீட்டுக்கு ஒரு வண்டி மரம் குடுங்க. ஊரைச் சுத்தி ஒரே வேலியா நட்டுடலாம். கூலி வேண்டாம், நான் செதுக்கித் தர்றேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். சூரப்பன் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"என் மரம் அடுத்தவன் ஆட்டுக்குக் காவல் நிக்கணுமா? என் முற்றத்துக்கு நானே போட்டுக்கிறேன் வேலி."

"தனியாப் போட்டா உன் மரம் பத்தாது, தம்பி."

"நீங்க உங்க உளியைப் பாருங்க, அண்ணே. என் மரம் எனக்குத் தெரியும்."

கொல்லையில் நின்ற வேலமரம் அத்தனையும் வெட்டினான். கம்பு ஒவ்வொன்றும் இரண்டாள் உயரம். நுனி ஒவ்வொன்றும் ஈட்டி. ஒரு கம்புக்கும் அடுத்த கம்புக்கும் நடுவே எறும்பு போவதென்றால் ஒருக்களித்துத்தான் போகவேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்த எறும்பு மாட்டிக்கொள்ளும். அப்படி நட்டான்.

ஆனால் தச்சன் சொன்னதுதான் நடந்தது. மரம் பத்தவில்லை.

சூரப்பன் ஏணியைப் பிளந்தான். "வேலி இருக்கும்போது கூரையேறி யாரைப் பார்க்கப் போறேன்?" பிறகு கட்டிலைப் பிளந்தான். "தரையில படுத்தா தூக்கம் வராதா?" அப்போதும் கதவகலத்துக்கு ஓர் இடைவெளி மிச்சம் இருந்தது. நேரே போய் வீட்டுக் கதவைக் கழற்றினான்.

வெள்ளாத்தாள் நிலைப்படியில் ஏறி நின்றுகொண்டாள். "ஏங்க, இது பெரியணன் அண்ணன் நம்ம கல்யாணத்துக்குச் செஞ்சு குடுத்த கதவுங்க!"

"வேலி இருக்கிற வீட்டுக்குக் கதவு எதுக்குடி? தள்ளு."

இரண்டாள் உயரத் தேக்குக் கதவு. பிளக்கும்போது அழுதது என்பார்கள். அது பொய்யாக இருக்கலாம்.

அன்று சாயங்காலம் கருவாயன் குரைத்தான். காட்டைப் பார்த்துக் குரைக்கவில்லை, வைக்கோல்போரைப் பார்த்துக் குரைத்தான். "எதிரி எந்தப் பக்கம்னு கூடத் தெரியாத நாய்" என்று சூரப்பன் அவனை இடைவெளி வழியே வெளியே உதைத்தான்.

கோழிகள் கூட்டுக்கு வராமல் கூரைமேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தன. "அங்கேயே கிடங்க" என்றான்.

மேய்ச்சலுக்குப் போன பசு வந்தது. இடைவெளிக்கு முன்னால் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. வெள்ளாத்தாள் வெளியே போய்க் கயிற்றைப் பிடித்தாள். பசு நடுங்குவது கயிற்றில் தெரிந்தது. அவள் பசுவைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"ஏங்க! அது வெளியே இல்லைங்க. உள்ளே இருக்கு! பிள்ளையை எடுத்துட்டு வந்துடுங்க!"

"வேலி போட்டவன் நான். உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"பிள்ளையை மட்டுமாவது குடுங்க. உங்க காலில விழறேன்."

அவள் கெஞ்சக் கெஞ்ச அவனுக்கு வீம்பு ஏறியது. "இன்னிக்கு உன் தச்சன் அண்ணன் வீட்டிலேயே படு. காலையில புத்தி வந்தா சொல்லு, ஒரு கம்பைப் பிடுங்கி உள்ளே விடறேன்." கொட்டாப்புளியை ஓங்கி, கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக அறைந்து இறக்கினான். கடைசிப் பலகையும் இறங்கியது.

சூரியன் மலையைத் தொட்டான். வைக்கோல் அசைந்தது.

முதலில் ஒரு காது வந்தது. பிறகு மீசை வந்தது. பிறகு முழுச் சிறுத்தையும் சோம்பல் முறித்துக்கொண்டு இறங்கி, கதவில்லாத வீட்டின் வாசலைப் பார்த்தது. உள்ளே தூளி ஆடிக்கொண்டிருந்தது.

சூரப்பனைக் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கேளுங்கள். அவன் வேலிப்பக்கம் ஓடவில்லை. கொட்டாப்புளியைச் சிறுத்தையின் மூக்கில் எறிந்துவிட்டு, அதைத் தாண்டி வீட்டுக்குள் ஓடினான். பிள்ளையை வாரிக்கொண்டு வந்தான். சாத்தக் கதவில்லை. ஏற ஏணியில்லை. மறைத்துப் பிடிக்கக் கட்டில்கூட இல்லை.

வெளியே பெரியணன் கோடரியோடு ஓடிவந்து வெட்டினான். வெட்டியது தன் கையால் செய்த கதவை. நூறு வருஷம் நிற்கட்டும் என்று வயிரம் பார்த்து எடுத்த தேக்கு. கோடரிதான் மழுங்கியது.

"வெள்ளாத்தா, முந்தானையை விரி!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

ஈட்டி நுனிகளுக்கு மேலே பிள்ளை பறந்து வந்தது. ஒரு நுனி அதன் அரைஞாணைப் பறித்துக்கொண்டது. பிள்ளை முந்தானையில் விழுந்தது.

அடுத்து உள்ளே கேட்டதை நான் சொல்லமாட்டேன். கதையில் அந்தப் பாதியாவது பொய்யாக இருக்கக்கூடாதா என்று நானே நினைத்ததுண்டு.

சிறுத்தை மரமேறுமே, அது தப்பியிருக்குமே என்கிறீர்களா? ஏறிப் பார்த்தது. நுனியில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உள்ளேயே விழுந்தது. அந்த முற்றத்திலேயே கிடந்து செத்தது. அவ்வளவு நல்ல வேலி.

பிறகு ஊர்க்காரர்கள் அந்தக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஊரைச் சுற்றி நட்டார்கள். தேக்குப் பலகைகளைப் பெரியணன் மறுபடி சேர்த்து, வேலிக்கு ஒரு கதவு செய்தான். அந்தக் கதவை மாலையில் சாத்துமுன் ஊர்க்காரர்கள் வெளியே பார்ப்பதில்லை. திரும்பி ஊருக்குள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாத்துவார்கள்.

தன்னை மட்டும் காத்துக்கொள்ள வேலி போடுகிறவன், தன்னைக் காக்க ஓடிவருகிறவர்களையே வெளியே நிறுத்திவிடுகிறான்.