ஒருவர் கடக்க, ஒருவர் நிற்க

“எதுக்கும்மா ஒவ்வொரு சரிவுலயும் என்னைத் தனியா அனுப்புறீங்க?” என்று கேட்டார் அம்பலவாணன்.

யாங்சென் பனி வெட்டும் மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அவர்கள் பேசியது அரைகுறை இந்தியில். நமக்காக இங்கே தமிழில்.

மனைவி போன பிறகு, திருச்செங்கோட்டு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் இமயமலைக்கு ஏறி வந்தவர் அம்பலவாணன். யாங்சென் பனிக்காலத்தில் மலை கடக்கக் கற்றுத்தருபவர்.

துணையோடு நடக்கலாம் என்று வந்தவருக்குக் கிடைத்த முதல் பாடமே, சரிவை ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும் என்பது. ஒருவர் மறுபுறம் சேரும்வரை மற்றவர் பாறையோரம் நிற்க வேண்டும்.

பனி சரியுமா என்று அறிய, குழி தோண்டி அதன் அடுக்குகளைப் பார்க்கக் கற்றார். புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் கருவியை மார்பில் கட்டிக்கொள்ளக் கற்றார். தனியாக நடக்க மட்டும் மனம் ஒப்பவில்லை. சரிவின் நடுவில் ஒவ்வொரு முறையும் அழுகை வந்தது. வீட்டிலாவது சுவர் இருந்தது.

“சேர்ந்தே போனா என்னம்மா?”

“மண்வெட்டி பத்திரம்,” என்றார் யாங்சென். “என்னைப் பாத்துக்கிட்டே இருங்க.” சரிவில் இறங்கினார்.

அம்பலவாணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சரிவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஐம்பது தாண்டிய மனிதருக்கு இது அழகில்லைதான். தனிமையில் வெந்தவருக்கு வயது ஏது?

முதுகுக்குப் பின்னால் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம்.

திரும்பினார். சரிவில் யாரும் இல்லை.

“அம்மா!”

மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை. எங்கே தொடங்குவது?

மார்பிலிருந்த கருவியை எடுத்து, தேடும் நிலைக்கு மாற்றினார். இந்தப் பக்கம் ஓடினார், அந்தப் பக்கம் ஓடினார். உலகத்தில் தான் ஒருவன்தான் மிச்சம் என்று தோன்றியது.

கருவி மெல்ல முனகியது. முனகல் வலுத்த இடத்தில், பையிலிருந்த நீளக் கம்பை எடுத்துப் பனிக்குள் குத்தினார். நாலு இடம் தள்ளி மெத்தென்று எதிலோ பட்டது. வெறி பிடித்தவர் போல வெட்டினார்.

முதலில் தொப்பி தெரிந்தது. பிறகு நீலம் பாரித்த உதடு. அது அசைந்தது.

அம்பலவாணன் யாங்சென்னை மடியில் சாய்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

மூச்சு சீராக வெகுநேரம் ஆனது. பிறகு யாங்சென் கேட்டார்.

“பனி என்னை எந்த இடத்துல இழுத்துச்சு?”

“தெரியலம்மா. நான் பாக்கல. கோபத்துல திரும்பி உக்காந்திருந்தேன்.”

யாங்சென் தன் புருவத்தில் உறைந்திருந்த பனியைத் துடைத்துக்கொண்டார்.

“அப்படியா? இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நான் தனியா போயிருக்கேன்.”