நாலு காலும் நாலு அளவு

“தரைதான் தப்பு டீச்சர்” என்றார் கனகசபை.

பியூலா டீச்சர் உளியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“மேஜை?”

“மேஜை நூத்துக்கு நூறு. இங்க உங்க கண்ணு முன்னாடிதானே நின்னுச்சு? ஆடுச்சா?”

“ஆடலை.”

“வீட்டுக்குக் கொண்டு போனா ஆடுது. அப்போ தப்பு எது மேல?”

உளி கல்லின் மேல் போய்ப் போய் வந்தது. 

உளி கூராவதற்குள் இருவரையும் பற்றிச் சொல்லிவிடலாம்.

திருச்சியில் ஒரு தகர ஷெட். தங்கள் வீட்டுக்கு வேண்டிய மேஜை நாற்காலியைத் தாங்களே செய்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு அங்கே தச்சுவேலை சொல்லிக்கொடுக்கிறவர் பியூலா. வயது முப்பத்திரண்டு. மாணவர் கனகசபைக்கு அறுபத்து மூன்று. ஒரு தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மயிரிழை அளவு பிசகினாலும் அந்தப் பாகத்தின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி விழுந்தால் விழுந்ததுதான். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் பாஸ் ஆகாது.

ஓய்வு பெற்ற அன்று சால்வை, மாலை, கடிகாரம் எல்லாம் கொடுத்தார்கள். பென்சிலைத் திருப்பிக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதன் பலனை வீட்டில் இருப்பவர்கள் அனுபவித்தார்கள். கருகிய தோசையில் பென்சில் பிடிக்காது, அதனால் தோசை ஒன்றுதான் தப்பித்தது.

மகள் சுபாஷிணி மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினாள். பெயர் முகிலன். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவன். கனகசபை தன் மகளுக்கென்று ஒரு பிளான் போட்டு வைத்திருந்தார்; அந்தப் பிளானில் நீச்சல் குளமே கிடையாது. போட்டோவின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, டிவி மேல் வைத்துவிட்டு, குளிக்கப் போய்விட்டார்.

மகள் அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு போனவள்தான். கல்யாணம் நடந்தது. அப்பா போகவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் முதல் தடவையாகச் சாப்பிட வருகிறார்கள். அம்மா லோகநாயகி போனில் பேசிப் பேசி முடித்த காரியம் அது. லோகநாயகிக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆனதிலிருந்து தரையில் உட்கார முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு தனியாகத்தான் சாப்பிடுகிறாள்.

“அவங்க வர்ற அன்னைக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். நான் கேக்குறது இது ஒண்ணுதான்” என்று கணவனிடம் சொல்லியிருந்தாள்.

கடை மேஜையில் எதையாவது ஆணி அடித்து ஒப்பேற்றியிருப்பார்கள் என்று கனகசபை ஷெட்டில் வந்து சேர்ந்தார். ஆறு பக்கப் பிளான். நான்கு மாத உழைப்பு. தேக்கை இழைத்து, பொருத்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சீலர் அடித்து, மறுபடி தேய்த்து, ஐந்து தடவை பாலிஷ் போட்டார். முகம் பார்க்கலாம் போல இருந்தது. அவர் பார்த்தும் கொண்டார்.

அந்த மேஜைதான் இப்போது ஹாலில் நின்று ஆடுகிறது. ஒரு மூலையில் கை வைத்தால் எதிர்மூலைக் கால் ‘டொக்’ என்கிறது. தட்டில் ரசம் ஊற்றினால் எல்லாம் ஒரே பக்கமாக ஓடிப் போகிறது.

“அட்டையை மடிச்சு வச்சா என்ன?” என்று லோகநாயகி கேட்டுப் பார்த்தாள்.

“அது ஓட்டல் வேலை” என்றுவிட்டார்.

டீச்சர் உளியைத் துடைத்து வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

“பிளானைக் காட்டுங்க சார்.”

லேமினேட் செய்து வைத்திருந்த பிளானைக் கனகசபை பையிலிருந்து எடுத்தார்.

“இதுல தரை எங்க இருக்கு?”

நான்கு கால்களுக்கும் அடியில் ஒரு மெல்லிய கோடு ஓடியது. கனகசபை அதைத் தொட்டுக் காட்டினார்.

“இது யாரு வீட்டுத் தரை?”

“யாரு வீடும் இல்ல. சும்மா ஒரு கோடு.”

“சரி” என்றார் டீச்சர்.

“சரின்னா? நாளான்னிக்கு வியாழக்கிழமை கொத்தனார் வர்றார் டீச்சர். ஹாலைப் பெயர்த்துட்டு மட்டமா டைல்ஸ் போடச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுடுவார்.”

“வீட்டுல என்ன சொன்னாங்க?”

“அந்தப் புழுதியிலயா அவங்களுக்கு இலை போடுவீங்கன்னு கேட்டா. நேத்துலேருந்து பேச மாட்டேங்கிறா.”

டீச்சர் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார். பென்சில் நீட்டிக்கொண்டிருந்தது.

“எது தப்போ அதுல ஒரு புள்ளி வச்சுட்டு வாங்க. சோதிச்சுட்டு வைங்க. கொத்தனார் அப்புறம் வரட்டும்.”

கனகசபைக்குச் சுருக்கென்றது. “சோதிக்காம நான் ஒரு புள்ளி வச்சது கிடையாது டீச்சர்.”

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அந்தப் போட்டோ ஞாபகம் வந்தது. அதை எதை வைத்துச் சோதித்தோம் என்று யோசித்தார். வீடு வந்து சேரும்வரை ஒன்றும் அகப்படவில்லை.

ஹாலைக் காலி செய்தார். ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து நடுவில் ஊற்றினார்.

“என்னங்க பண்றீங்க?” பேசுவதில்லை என்று இருந்த லோகநாயகி பேசிவிட்டாள்.

“தரையைச் சோதிக்கிறேன்.”

தண்ணீர் கொஞ்சம் பரவியது. பிறகு இரண்டு பக்கமிருந்தும் ஒன்றுகூடி, பின்பக்க மூலையில் இருந்த துளையைப் பார்த்து நடந்தது. போயே போய்விட்டது. ஒரு பொட்டுத் தண்ணீர் எங்கும் தேங்கவில்லை. கனகசபை குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். குழி இல்லை, மேடு இல்லை.

முப்பத்தாறு வருஷத்துப் பரிசோதகர் வாயைத் திறந்து பாராட்டினார். “என்ன சுத்தமான வாட்டம்! எந்தக் கொத்தனார் போட்டான் இதை?”

“கொத்தனார் மட்டமாத்தான் போட்டிருந்தாரு. நீங்கதான் ரசமட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு நின்னீங்க. கழுவுற தண்ணி நிக்கக் கூடாது, ரெண்டு பக்கமும் வாட்டம் குடுன்னு பூராவையும் பெயர்த்துப் போட வச்சீங்க. சுபா அப்போ என் வயித்துல. நீங்க போட்ட சத்தத்துல அவ உள்ள இருந்து ஒரு உதை விட்டா.”

கனகசபை எழுந்து உட்கார்ந்தார். பென்சில் கையில் இருந்தது. தரையில் அதை வைக்க இடம் இல்லை.

மேஜையிடம் போனார். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். மூலைக்கு எதிர்மூலை அளவு நாடா பிடித்தார். நான்கு கால்களையும் அளந்தார். எழுநூற்று முப்பது மில்லிமீட்டர், நாலும் அச்சுப் பிசகாமல். அங்கேயும் இடம் இல்லை.

பென்சிலோடு அவர் வெகுநேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து லோகநாயகிக்கே பாவமாகிவிட்டது.

“வைக்க எடமே கிடைக்கலைன்னா என் நெத்தியில வைங்களேன். பொட்டு மாதிரி இருந்துட்டுப் போகட்டும்.”

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். அன்று பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் ஷெட் திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

“வச்சீங்களா சார்?”

“வைக்கலை.”

“ஏன்?”

“தரை வாட்டத்துக்குச் சரி. மேஜை பிளானுக்குச் சரி.”

“அப்புறம் ஏன் ஆடுது?”

“அதைக் கேக்கத்தானே வந்திருக்கேன்!”

“ரெண்டும் தனித்தனியா சரியா இருந்தா ஆடத்தான் சார் செய்யும்” என்றார் டீச்சர்.

கழிவுக் குவியலைக் கிளறி, விரல் தடிமனுக்கு ஒரு சின்னக் கட்டையை எடுத்தார். கனகசபையின் சிவப்புப் பென்சிலை வாங்கி, கூராகச் சீவி, கட்டையின் மேல் படுக்கவைத்துக் காட்டினார்.

“மேஜையை அது நிக்கப்போற எடத்துல வைங்க. காலுக்கு அடியில அட்டை செருகி, பலகை மட்டமாகுற வரைக்கும் தூக்குங்க. அப்புறம் இந்தக் கட்டையைத் தரையில வச்சு நகர்த்திக்கிட்டே, பென்சிலால ஒவ்வொரு காலையும் சுத்திக் கோடு போடுங்க. கோட்டுல அறுத்துடுங்க.”

கனகசபை மனசுக்குள் கணக்குப் போட்டார். முகம் வெளிறியது.

“நாலு காலும் நாலு அளவாயிடுமே!”

“ஆகும்.”

“பிளான்ல நாலும் ஒண்ணு!”

“ஆமா.”

“அந்த மேஜை என் ஹாலைத் தவிர உலகத்துல வேற எங்கயும் நிக்காதே டீச்சர்!”

“வேற எங்க வைக்கப்போறீங்க?”

 ஆனாலும் முப்பத்தாறு வருஷம் லேசில் விடுமா?

“இந்த மாதிரி வந்ததை எல்லாம் வேணாம்னு தள்ளினவன் டீச்சர் நான். இதை நான் எப்படி பாஸ் பண்றது?”

டீச்சர் சுவரில் மாட்டியிருந்த ரம்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“பல்லு கூரா இருக்கு. வண்டியில பார்த்துக் கொண்டு போங்க.”

கொத்தனாருக்கு வர வேண்டாம் என்று போன் போயிற்று.

வியாழக்கிழமை கனகசபை ஓட்டல் வேலை பார்த்தார். அட்டையை மடித்து மடித்துக் கால்களுக்கு அடியில் செருகினார். மேலே விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்து, ஒரு பக்கமும் வழியாத வரைக்கும் தூக்கினார். கட்டையை நகர்த்தி நான்கு கால்களிலும் சிவப்புக் கோடு போட்டார். பாய் விரித்து அதன் மேல் மேஜையைக் கவிழ்த்தார்.

ஐந்து தடவை பாலிஷ் போட்ட காலில் ரம்பத்தை வைக்கக் கை வரவில்லை. லோகநாயகி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டாள். முதல் துண்டு விழுந்தது. சீவல் மாதிரி மெல்லிசாக இருந்தது. நாலாவது துண்டு பிஸ்கட் தடிமனுக்கு இருந்தது.

வெட்டுவாயில் உப்புத்தாள் தேய்த்தார். தரையைத் தவிர யார் கண்ணிலும் படாத அந்த இடத்துக்கும் ஐந்து தடவை பாலிஷ் போட்டார். அதில் அவரை மாற்ற முடியாது. கடைசியாக ஒவ்வொரு காலின் உள்பக்கமும் அதன் அளவை எழுதினார்.

மேஜையை நிமிர்த்தி அதன் இடத்தில் வைத்ததும், லோகநாயகி இரண்டு கையையும் அதில் ஊன்றி நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஆறு மாதமாகச் சுவரைப் பிடித்து எழுந்தவள். மேஜை அசையவில்லை.

“நல்லா இருக்குங்க” என்றாள்.

பாஸ் என்று அவர் சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுபாஷிணி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மேஜையிடம்தான் போனாள். யார் பெண்? மூலைக்கு மூலை கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை. குனிந்து அடியில் பார்த்தாள். குனிந்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எழுநூத்தி இருபத்தெட்டு. எழுநூத்தி இருபத்தி நாலு. எழுநூத்திப் பத்தொன்பது. எழுநூத்திப் பதினஞ்சு.” அவள் தலை மேஜைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. “அப்பா! நாலு காலும் நாலு அளவு!”

“ஆமா.”

“பிளான்ல ஒரே அளவுதானே இருக்கும்?”

“ஆமா.”

“அப்புறம் நீங்க எப்படிப்பா இதை பாஸ் பண்ணீங்க?”

கனகசபை வாசலைப் பார்த்தார். முகிலன் பழப் பையோடு நிலைப்படி அருகிலேயே நின்றுகொண்டிருந்தான். யாரும் உள்ளே வரச் சொல்லாததால், பையை எங்கே வைப்பது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

கனகசபை தனக்கு எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க மாப்பிள்ளை” என்றார்.