செங்கோடன் ஓடி வந்த சேதி

கொல்லிமலை அடிவாரத்தில் வடிவாம்பாள் தியானம் சொல்லிக் கொடுத்து வந்தார். அவருடைய சீடர்களில் செங்கோடன் குருவைவிட ஐந்து வயது மூத்தவர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். குரு அவரை ‘அண்ணா’ என்பார். அவர் குருவை ‘அம்மா’ என்பார்.

நிதானத்துக்குச் செங்கோடன் என்று பெயர். பட்டறையில் தீப்பிடித்த அன்றுகூட நடந்துதான் போனார் என்பார்கள்.

அந்தச் செங்கோடன் ஒருநாள் காலையில் வண்டியை வேலியோரம் சாய்த்துவிட்டு ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். வடிவாம்பாள் முற்றத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா! பையனுக்கு மெஷினை எடுத்துட்டாங்க! அவனா மூச்சு விடறானுங்க! பாப்பா பாலாடையில பால் குடிச்சுட்டாளுங்க!”

செங்கோடனுக்கும் மனைவி கோகிலத்துக்கும் பல வருடம் காத்திருந்து பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ஏழாம் மாதமே வந்துவிட்டார்கள். பிறந்தது முதல் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார்கள். அவனுக்கு மூச்சு மெஷினிலிருந்து வந்தது. அவளுக்குப் பால் மூக்கில் செருகிய குழாய் வழியே போனது.

“எல்லாத்தையும் குடிச்சாளா?” என்றார் வடிவாம்பாள்.

“சொட்டு மிச்சமில்லீங்க! நர்சம்மா போதும்னு பாலாடையை எடுத்தா, கத்தறாளுங்க! இத்துனூண்டு உடம்பு, என்ன சத்தம்ங்கறீங்க!”

“எப்படிக் கத்துனா? கத்திக் காட்டுங்க.”

செங்கோடன் கத்திக் காட்டினார். வடிவாம்பாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தானும் கத்திப் பார்த்தார்.

“இப்படியா?”

“இன்னும் கோவமா இருக்கோணுங்க!”

இருவரும் சேர்ந்து கத்தினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆடு பதில் சொன்னது. வடிவாம்பாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

செங்கோடனுக்குச் சட்டென்று கூச்சம் வந்துவிட்டது. செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டார்.

“மன்னிக்கோணுங்க அம்மா. இத்தனை வருஷம் உங்ககிட்டப் படிச்சேன். வந்தாலும் போனாலும் மனசு ஒரே மாதிரி இருக்கோணும்னு. இன்னைக்கு ஆஸ்பத்திரி வாட்ச்மேனைக் கட்டிப் பிடிச்சுட்டு வந்திருக்கறேன்.”

“பையனுக்கு மூச்சு திணறுச்சே, அந்த வாரம் எப்படி இருந்தீங்க?”

“ஒரே மாதிரிதான் இருந்தேனுங்க. வராந்தாவுல கண்ணை மூடி உக்காந்திருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை.”

“கோகிலம்?”



“அழுதா. ‘என்னங்க ஆகும்’னு கேட்டா. எது வந்தாலும் நமக்கு ஒண்ணுதான்னு சொன்னேன். அப்புறம் ரெண்டு நாள் அவ எங்கிட்டப் பேசலீங்க.”

வடிவாம்பாள் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டினார்.

“வண்டியை எடுங்கண்ணா. புள்ளைகளப் பாக்கோணும்.”

ஆஸ்பத்திரியில் பெற்றவர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். வடிவாம்பாள் வெளியே கண்ணாடிச் சுவரருகே நின்றார். உள்ளே கோகிலம் சாய்வு நாற்காலியில் இருந்தாள். பெண் குழந்தை அவள் நெஞ்சில் வெற்றுடம்போடு ஒட்டிக்கொண்டு, தொப்பிக்குள் முகம் புதைந்து தூங்கிக்கொண்டிருந்தது. கணவனைக் கண்டதும் கோகிலம் கதவுப்பக்கம் திரும்பினாள்.

“எங்க போனீங்க? மறுபடியும் குடிச்சுட்டாளுங்க! நீங்கதான் பாக்கலை!”

சத்தம் அதிகமென்று நர்ஸ் உதட்டில் விரல் வைத்தார். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

செங்கோடன் உள்ளே ஓர் அடி வைத்தார். பிறகு அந்தக் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

“அம்மா, டாக்டர் ஒண்ணு சொன்னாருங்க. பையனை இன்னும் சில நாள் பாக்கோணுமாம். களைச்சுப் போனா திரும்பவும் மெஷின்ல வெக்க வேண்டி வரலாமாம்.”

“ம்.”

“இன்னைக்கு இவ்வளவு ஆடிட்டு, நாளைக்கு அப்படி ஆச்சுன்னா? எப்படித் தாங்குவேன்? சந்தோசத்தைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கிறதுதான நல்லது?”

வடிவாம்பாள் கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினார். பெட்டிக்குள் பையன் மல்லாந்து கிடந்தான். முகத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடம் சிவந்திருந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும் அந்தச் சின்ன நெஞ்சு மேலே எழும்பியது, இறங்கியது. ஒரு கணம் நின்றது. செங்கோடனின் கை கண்ணாடியில் பதிந்தது. நெஞ்சு மறுபடி எழும்பியது.

“இழுத்துட்டான்!” என்றார் செங்கோடன், தன்னை மறந்து.

“இழுத்த மூச்சு உள்ளேயே நிக்குதுங்களாண்ணா?”

“அதெப்படிங்க நிக்கும்? போயிருதுங்களே.”

“போயிருமேன்னு உங்க மகன் கொஞ்சமாவா இழுக்கறான்?”

செங்கோடன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிள்ளைகளைத் தொடும் முன் கை கழுவும் குழாயடிக்கு ஓடினார்.